பேரிடர் நிவாரணம் என்னும் அரசு சேவை: பயனாளியின் இடத்திலிருந்து ஒரு மதிப்புரை

ஒரு சேவையை மதிப்பிடுகிறவர் பெரும்பாலும் தாம் விரும்பித் தேர்ந்தெடுத்த ஒன்றைப் பற்றித்தான் எழுதுவார்; பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை வேறிடம் போய்விடலாம். பேரிடர் நிவாரணத்தில் அந்த வசதி இல்லை. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவரும் புயலில் கூரையை இழந்தவரும் தேடிப் போவதற்கு இன்னோர் அரசு கிடையாது. அவர்கள் இந்தச் சேவையின் வாசலுக்கு வருவதே வாழ்க்கையின் மிக மோசமான வாரத்தில்தான். ஆகவே மற்ற எந்தச் சேவையைவிடவும் இதைக் கடுமையாக மதிப்பிட வேண்டும் என்று கருதுகிறேன். தொகை போதுமா என்ற கேள்வியை இங்கே இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். அந்தத் தொகை எத்தனை பேருடைய விருப்பு வெறுப்பைக் கடந்து பாதிக்கப்பட்டவரின் கைக்கு வருகிறது என்பதே என் அளவுகோல்.

இந்த அளவுகோல் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் வெள்ளம் வடிந்த நான்காம் நாள், கணக்கெடுக்கும் அலுவலர் ஒரு பதிவேட்டுடன் வந்தார். அவருக்கு வழிகாட்ட ஆளுங்கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவரும் உடன் வந்தார். சுவரில் படிந்திருந்த சேற்றுக் கோட்டின் மேல் அலுவலர் விரலை வைத்துப் பார்த்தார், தரையிலிருந்து அதன் உயரத்தைக் கணித்தார், பிறகு பேனாவைப் பதிவேட்டில் வைப்பதற்கு முன் பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்தார். அவர் தலையசைத்தார், எங்கள் வீடு பதிவானது. மூன்று வீடு தள்ளி, எதிர்க்கட்சிக் கொடி கட்டியிருந்த வீட்டு வாசலில் ஒரு மூதாட்டி, நனைந்து காய்ந்த அடையாளச் சான்றுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். இருவரும் அந்த வாசலைக் கடந்து போனார்கள். எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து, மறு கணக்கெடுப்பு நடந்து அவருடைய பெயர் பட்டியலில் ஏறப் பதினொரு நாள் ஆயிற்று. அந்தப் பதினொரு நாளைவிட, பேனா தயங்கிய அந்த ஒரு நொடிதான் என் மனத்தில் நிற்கிறது. ஏனென்றால் சேற்றுக் கோடு சொன்ன விடையை உறுதிப்படுத்த ஒரு கட்சிக்காரரின் தலையசைப்பு தேவைப்பட்டது.

இது ஏதோ ஓர் ஊரின் சீர்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 அக்டோபரில் மில்டன் புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கிய பிறகு, கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமையான ஃபீமாவின் பணியாளர்கள் லேக் பிளாசிட் என்ற ஊரில் வீடு வீடாகச் சென்று உதவிக்குப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். டிரம்ப் ஆதரவுப் பலகை வைத்திருந்த வீடுகளைத் தவிர்க்குமாறு அந்தக் குழுவின் மேற்பார்வையாளர் அறிவுறுத்தினார். சுமார் இருபது வீடுகள் அவ்வாறு விடுபட்டதாகச் செய்திகள் வெளியாயின. தகராறைத் தவிர்ப்பதற்காக ஏற்கெனவே இருந்த நடைமுறையையே பின்பற்றியதாக அவர் விளக்கம் அளித்தார். முகமை அதை ஏற்காமல் அவரைப் பணிநீக்கம் செய்தது, அதன் தலைவர் டீயேன் கிறிஸ்வெல் அந்தச் செயலை வெளிப்படையாகக் கண்டித்தார். கொடி வேறு, கட்சி வேறு, நாடு வேறு. ஆனால் கடந்து செல்லப்பட்ட வாசல் ஒன்றேதான். ஒரு வேறுபாட்டை மட்டும் குறிப்பிட வேண்டும். அங்கே அறிவுறுத்தல் எழுத்தில் இருந்ததால் அது வெளியே வந்தது. தலையசைப்புக்கு அப்படிப்பட்ட பதிவு எதுவும் இருப்பதில்லை.

வாசலில் நடப்பது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே, இந்த நிகழ்வு பேரிடரா இல்லையா என்று யாரோ அறிவிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டப்படி மாநில ஆளுநர் கேட்க வேண்டும், குடியரசுத் தலைவர் அறிவிக்க வேண்டும். பொதுக் கட்டமைப்புச் சேதத்தை மாநில மக்கள்தொகையால் வகுத்து, தலைக்கு இத்தனை டாலர் என்று பார்க்கும் ஒரு குறியளவு உண்டு. 1 டாலரில் தொடங்கிய அது விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்பட்டு வருகிறது. ஆனால் அது பரிந்துரைக்கான அளவு மட்டுமே. குடியரசுத் தலைவரை அது கட்டுப்படுத்தாது. கட்டுப்பாடு இல்லாத இடத்தில் தேர்தல் கணக்கு நுழைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஃபீமா நிவாரணத்தில் ஏறத்தாழ பாதி, தேவையைவிட அரசியல் காரணங்களால் விளக்கப்படக்கூடியது என்று 2003இல் காரெட், சோபல் ஆகிய பொருளியலாளர்கள் எழுதினார்கள். கடும் போட்டி நிலவும் மாநிலங்கள், போட்டியே இல்லாத மாநிலங்களைப் போல இரு மடங்கு பேரிடர் அறிவிப்புகளைப் பெற வாய்ப்புண்டு என்று 2011இல் ஆண்ட்ரூ ரீவ்ஸ் கணக்கிட்டார். வெள்ளத்தில் மூழ்கிய ஒருவருக்கு, தம் மாநிலத்தில் இரண்டு கட்சிகளும் சம பலத்துடன் இருக்கின்றனவா என்பது எந்த வகையிலும் பொருட்டாக இருக்கக் கூடாது.

இந்தியாவில் ஏற்பாடு வேறு. இங்கே மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்ற பகுதியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நிதிக்குழு முன்கூட்டியே வகுத்த கணக்கின்படி, பொதுவான மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 விழுக்காடும் மாநிலம் 25 விழுக்காடும், வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10 என்ற விகிதத்திலும் பணம் போடுகின்றன. மத்திய அரசின் பங்கு ஆண்டுக்கு இரண்டு தவணைகளாக வருகிறது. புயல் வருவதற்கு முன்பே பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதே இதன் சிறப்பு.

அந்த நிதி போதாமல் தேசிய நிதியைக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மாநிலம் கோரிக்கை மனு அனுப்ப வேண்டும், மத்தியக் குழு வந்து பார்க்க வேண்டும், உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு முடிவெடுக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் காலக்கெடுவை நம்பிப் பயனாளி நாளை எண்ண முடிவதில்லை. 2023 வறட்சிக்குக் கர்நாடகம் 18,171 கோடி ரூபாய் கேட்டது; மாதங்கள் கடந்தும் முடிவு வராததால் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது; ஏப்ரல் இறுதியில், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, 3,454 கோடி ரூபாய் ஒப்புதலானது. மாநிலங்கள் கேட்கும் தொகை விதிமுறைகளில் அடங்காதது என்றும் சரிபார்க்காமல் பொதுப் பணத்தைத் தர முடியாது என்றும் மத்திய அரசுத் தரப்பு சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் சரிபார்ப்பதற்கு ஒரு நாள்கணக்கு வேண்டும். வெடித்த வயலில் நிற்கும் உழவருக்கு, நீதிமன்றப் படியேறிய பிறகுதான் விடை கிடைக்கும் என்றால், அதைக் கூட்டாட்சியில் உள்ள இரண்டு அரசுகளின் தோல்வி என்றே சொல்வேன்.

சட்டமன்றங்கள் கையில் பணப்பை இருக்கும்போது வேறொரு வகைத் தாமதம் வருகிறது. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்க நாடாளுமன்றம் சுமார் பத்து நாளில் 62.3 பில்லியன் டாலருக்கு ஒப்புதல் அளித்தது. 2012 அக்டோபர் 29 அன்று நியூ ஜெர்சி, நியூயார்க் கரையைத் தாக்கிய சாண்டி புயலுக்கு, சுமார் 50 பில்லியன் டாலர் தொகுப்பு செனட்டில் நிறைவேற 2013 ஜனவரி 28 வரை ஆயிற்று. கீழவையில் 241க்கு 180 என்ற வாக்குகளில்தான் தப்பியது. தொடர்பில்லாத செலவுகள் சேர்ந்திருக்கின்றன என்பது எதிர்த்தவர்களின் வாதம். அதை முற்றிலும் தவறென்று தள்ள மாட்டேன். ஆனால் அப்போது எதிர்த்து வாக்களித்த டெக்சாஸ் பிரதிநிதிகள் பலர், 2017இல் ஹார்வி புயல் தங்கள் மாநிலத்தை மூழ்கடித்தபோது கூட்டாட்சி உதவியைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. டெக்சாஸ் மக்களுக்கு அது தேவைப்பட்டது. அதே தேவை நியூ ஜெர்சிக்கும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள ஐந்து ஆண்டும் இன்னொரு புயலும் தேவைப்பட்டதுதான் என்னை வருத்துகிறது.

இனி, உதவியின் மீது ஒட்டப்படும் முகம். 2008 ஆகஸ்டில் கோசி ஆறு நேபாளத்தில் கரையை உடைத்துக்கொண்டு பீகாரின் வட மாவட்டங்களை மூழ்கடித்தபோது, நரேந்திர மோடி முதல்வராக இருந்த குஜராத் அரசு 5 கோடி ரூபாய் அனுப்பியது. நல்ல காரியம். 2010 ஜூனில், பா.ஜ.க.வின் தேசியச் செயற்குழு பாட்னாவில் கூடியபோது, அந்த உதவியைச் சுட்டிக்காட்டும் விளம்பரங்கள் அங்கே நாளிதழ்களில் வந்தன. அவமதிக்கப்பட்டதாகக் கருதிய பீகார் முதல்வர் நிதிஷ் குமார், தலைவர்களுக்கு ஏற்பாடு செய்திருந்த விருந்தை ரத்து செய்தார். சில நாளில் அந்த 5 கோடியும் குஜராத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. கொடுத்ததை விளம்பரப்படுத்தியதும் சரியில்லை, வந்த பணத்தைத் திருப்பியதும் சரியில்லை. இரண்டு முதல்வர்களின் மானம் பற்றிய அந்தச் சச்சரவில், வீடிழந்த மக்களின் கருத்தை யாரும் கேட்கவே இல்லை. 2015 சென்னை வெள்ளத்தின்போது, தன்னார்வலர்கள் கொண்டு வந்த பொருள்களை மறித்து முதல்வரின் படத்தை ஒட்டினார்கள் என்று ஆளுங்கட்சியினர் மீது எழுந்த குற்றச்சாட்டும் இதே நோயின் இன்னோர் அறிகுறி. வரிப்பணத்தில் வருவது உரிமை. அதன் மேல் ஒரு முகத்தை ஒட்டினால், வாங்குகிறவர் கடன்பட்டவராக ஆக்கப்படுகிறார்.

இலங்கையில் நடந்தது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு மாவட்டக் கரையோரங்களுக்கு உதவியைப் பகிர்வதற்காக அரசும் விடுதலைப் புலிகளும் ஒரு பொதுக் கட்டமைப்புக்கு உடன்பட்டன. கையெழுத்தானது 2005 ஜூன் 24. அலை வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதை எதிர்த்து, கூட்டணி அரசில் பங்கேற்றிருந்த ஜே.வி.பி. என்ற கட்சி அரசிலிருந்து விலகியது, வழக்குத் தொடுத்தது. ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டமைப்பு செயல்படவே இல்லை. அதே அலையில் மிகப் பெரிய உயிரிழப்பைச் சந்தித்த அச்சேவில், இந்தோனேசிய அரசும் கிளர்ச்சி இயக்கமும் அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இரண்டு இடங்களின் வரலாறும் வேறு என்பதை அறிவேன்; இருந்தாலும் அந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நெஞ்சு கனக்காமல் இருப்பதில்லை.

குறை முழுவதையும் கட்சிகள் மீது சுமத்துவதும் நேர்மையாகாது. பேரிடருக்குப் பின் தரும் பணத்துக்கு வாக்காளர்கள் நன்றி காட்டுகிறார்கள், பேரிடருக்கு முன் செய்யும் தயாரிப்புக்குக் காட்டுவதில்லை என்று 2009இல் ஹீலி, மல்ஹோத்ரா ஆகியோர் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். தயாரிப்புக்குச் செலவிடும் 1 டாலர் பிற்காலச் சேதத்தில் சுமார் 15 டாலரைத் தவிர்க்கும் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். வடிகாலைத் தூர்வாரியவருக்குக் கிடைக்காத வாக்கு, தூர்வாராமல் விட்டுப் பிறகு படகில் வந்து பொட்டலம் கொடுப்பவருக்குக் கிடைக்குமானால், கட்சிகள் எதைச் செய்யக் கற்றுக்கொள்ளும் என்பது தெரிந்ததே. இந்தச் சேவையின் தரத்தில் பயனாளிகளாகிய நமக்கும் பங்கிருக்கிறது.

நான் பார்த்தவற்றுள் முதலிடம் தரத்தக்கது மெக்சிகோவின் ஃபோண்டென் நிதி. 1996இல் உருவாக்கப்பட்ட அதில், மழை எவ்வளவு பெய்தது என்ற அளவு வரம்பைத் தாண்டினால் நகராட்சிக்குத் தகுதி உண்டு, தாண்டாவிட்டால் இல்லை. மேயர் எந்தக் கட்சி என்பது அந்தக் கணக்கில் இடம்பெறாது. வரம்பைச் சற்றே தாண்டிய ஊர்களையும் சற்றே தாண்டாத ஊர்களையும் இரவு வெளிச்சத்தின் செயற்கைக்கோள் படங்களால் ஒப்பிட்ட பொருளியலாளர்கள், உதவி பெற்றவை விரைவாக மீண்டதைக் கண்டார்கள். குறை இல்லாத அமைப்பு என்று சொல்ல மாட்டேன்; ஊழல் புகார்கள் இருந்தன, அவற்றைக் காட்டியே 2020இல் அந்த அறக்கட்டளை நிதியைக் கலைக்க முடிவெடுத்தார்கள். 2023 அக்டோபர் 25 அன்று ஓட்டிஸ் புயல் அகாபுல்கோவைச் சிதைத்தபோது, எழுதப்பட்ட வரம்பும் ஒதுக்கப்பட்ட நிதியும் கொண்ட அந்த ஏற்பாடு அங்கே இல்லை. புகாரைத் தணிக்கையால் தீர்த்திருக்க வேண்டும். கரீபிய நாடுகள் 2007இல் கூட்டாகத் தொடங்கிய பேரிடர்க் காப்பீட்டு நிதியம் இதே கொள்கையில்தான் இன்றும் இயங்குகிறது: காற்று, மழை போன்றவற்றின் அளவீடுகளைக் கொண்டு கணக்கிடப்படும் இழப்பு குறித்த அளவைத் தொட்டால், 14 நாளுக்குள் பணம் அரசின் கைக்குப் போகிறது. அங்கிருந்து வீடுகளுக்கு அது எப்படிப் பிரிகிறது என்பது வேறு கேள்வி. ஆனால் முதல் கதவில் யாருடைய தலையசைப்பும் தேவைப்படுவதில்லை.

ஆகவே என் பரிந்துரை இது: முன்கூட்டியே ஒதுக்கும் நிதிக்கு நல்ல மதிப்பெண், அறிவிப்புக்கும் கூடுதல் நிதிக்கும் மிகக் குறைந்த மதிப்பெண், வீட்டு வாசலில் நடக்கும் கணக்கெடுப்புக்குத் தேர்ச்சி இல்லை. கணக்கெடுப்பில் கட்சிப் பொறுப்பாளர் எவரும் உடன் வரக் கூடாது. பட்டியல் பொது இடத்தில் ஒட்டப்பட வேண்டும். விடுபட்டவருக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். ஃபீமாவின் மறுப்புக் கடிதம் கிடைத்தவர் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற விதியைப் போன்ற ஒன்று எல்லா நாட்டிலும் அச்சிட்டுக் கையில் தரப்பட வேண்டும்.

இந்தச் சேவையைப் பயன்படுத்த நேர்ந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. கணக்கெடுப்பு முடியும் வரை சுவரைக் கழுவாதீர்கள். சேற்றுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு அளவுநாடாவைப் பிடித்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அந்த மூதாட்டியிடம் கேமரா இல்லை. கோட்டின் உயரத்தைத் தம் கையாலேயே அளந்து, இரண்டு முழமும் நான்கு விரற்கடையும் என்று மனுவில் எழுதச் சொன்னார். மறு கணக்கெடுப்புக்கு வந்த அலுவலர் தனியாக வந்தார், பதினொரு நாளாகக் கழுவாமல் விட்டிருந்த அந்தச் சுவரில் நாடாவை வைத்துப் பார்த்து, அதே அளவைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு போனார்.