அலை சிகிச்சைக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மதுரையில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை தோசைக்கல் முன்னால் நின்றே ஆக வேண்டும். போன வருஷம் ஆடியிலிருந்து வலது குதிகாலில் வலி. படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறியது போலக் குத்தும். பத்து நிமிஷம் நடந்தால் கொஞ்சம் விடும். மத்தியானம் சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே கதை.

பேப்பருக்குள் வைத்து வந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் ஒரு வலி சிகிச்சை மையத்துக்குப் போனேன். 'சிறுநீரகக் கல்லையே உடைக்கும் ஷாக்வேவ். ஊசி இல்லை, ஆபரேஷன் இல்லை' என்று போட்டிருந்தார்கள். ஷாக்வேவ் என்றால் அதிர்வலை. முன்னால் டை கட்டி உட்கார்ந்திருந்த தம்பி ஷாக்வேவ், அல்ட்ராசவுண்ட், லேசர் மூன்றையும் ஒரே அட்டையில் காட்டி, "எல்லாமே அலைதான் சார், தேவைக்குத் தகுந்த மாதிரி கொடுப்போம்" என்றான். பத்து சிட்டிங் 24,000 ரூபாய். மொத்தமாக முன்னாலேயே கட்டினால் 18,000. கட்டிவிட்டேன். டாக்டர் என்று யாரும் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது, வீட்டில் மனைவி கேட்டபோதுதான் உறைத்தது.

முதல் இரண்டு சிட்டிங்கில் கைத்துப்பாக்கி மாதிரி ஒன்றைக் குதிகாலில் வைத்து அழுத்தினார்கள். தடதடதடவென்று சத்தம், பக்கத்துக் கடையில் ட்ரில் போடுவது போல. திரையில் எண் 2000 வரை ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மூன்றாவது முறை போனால் அந்த மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. "சர்வீஸுக்குச் சொல்லியிருக்கிறோம் அண்ணே, இதுவும் வேவ்தான்" என்று அந்தப் பொண்ணு ஜெல்லைத் தடவி, வட்டமான ஒரு தலையை வைத்துத் தேய்த்தது. சத்தமும் இல்லை, வலியும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஏழாவது சிட்டிங் வரை இதேதான். எட்டாவது சிட்டிங்கில் லேசர் என்று சிவப்பு விளக்கு ஒன்றைக் காட்டினார்கள். கண்ணுக்குக் கண்ணாடிகூடத் தரவில்லை, அந்தப் பொண்ணும் போடவில்லை.

வலி இறங்கவில்லை. எங்கள் மெஸ்ஸில் சாப்பிடுகிற ஒருவர் சொல்லி அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த மேடம் என் நோட்டீஸை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார். கல் உடைக்கிற மெஷின் வேறு ஜாதியாம். 1980இல் ஜெர்மனியின் மியூனிக்கில் முதல் முறை மனிதருக்குப் பயன்படுத்தியது அதைத்தான். அதன் அலை உடம்புக்குள் ஆழத்தில் ஒரு புள்ளியில் போய்க் குவியும். எனக்கு வைத்த தடதட மெஷினில் காற்றழுத்தத்தால் குழாய்க்குள் ஒரு உலோகத் துண்டு பாய்ந்து முனையை அடிக்கும். தோலில்தான் வீரியம் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். குதிகால் வலிக்கு இதுவும் பலருக்குப் பலன் தந்திருக்கிறது என்றார். ஆனால் வழக்கமாக வாரத்துக்கு ஒன்று வீதம் மூன்று முதல் ஐந்து சிட்டிங்தான். பலன் தெரியச் சில வாரம் பொறுக்க வேண்டும். என்னையோ ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார்கள்!

ஜெல் தடவிய சமாச்சாரம்தான் அல்ட்ராசவுண்ட். விநாடிக்குப் பத்து லட்சம், முப்பது லட்சம் அதிர்வு. காதுக்கு எட்டாது, அதனால்தான் சத்தமில்லை. குதிகால் வலியில் அதற்குப் பெரிய ஆதாரம் கிடையாது என்றார். எங்கள் தெருமுனையில் அதே சிகிச்சைக்கு வாங்குவது 200 ரூபாய். நான் கொடுத்தது ஒரு சிட்டிங்குக்கு 1,800. நெய் ரோஸ்ட் என்று பில் போட்டுவிட்டுக் கல்தோசையை இலையில் வைத்தால் என் கடையில் என்ன நடக்கும்? கல்தோசை மட்டமான பண்டம் இல்லைதான், ஆனால் நெய் ரோஸ்ட் விலைக்கு எவன் சாப்பிடுவான்?

திரும்பிப் போய்க் கேட்டேன். ரசீதைக் காட்டச் சொன்னார்கள். அதில் 'வேவ் தெரபி – 10' என்று மட்டும் இருந்தது. "அல்ட்ராசவுண்டும் வேவ்தானே சார்?" என்றான் டை கட்டிய தம்பி. எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறான் பாருங்கள். ஆகவே பணம் கட்டுகிறவர்கள் எந்த மெஷின், எத்தனை சிட்டிங், மெஷின் பழுதானால் என்ன என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள்.

பணம் போனதைவிட இன்னொன்று பயமுறுத்துகிறது. ஒருநாள் அம்மா என்னோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "அம்மா முழங்காலுக்கும் போட்டுவிடலாம், பாதி விலை" என்றார்கள். அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையும் தவறாமல் பார்க்கிறோம். அப்படிப்பட்டவர்களுக்கு ஷாக்வேவ் கொடுத்தால் உள்ளே ரத்தம் கசிய வாய்ப்புண்டு. கர்ப்பிணிகளுக்கும், வலிக்கிற இடத்தில் புற்றுநோய்க் கட்டி இருப்பவர்களுக்கும் கூடாது. இதில் ஒன்றையாவது கேட்டார்களா? நான் நிரப்பிய படிவத்தில் பெயர், போன் நம்பர், 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்' என்ற மூன்றுதான் இருந்தன. மாத்திரை விஷயத்தை நானேதான் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

இப்போது மேடம் சொல்லிக் கொடுத்தபடி படிக்கட்டில் நின்று கெண்டைக்கால் தசையை இழுத்து நீட்டுகிறேன், தோசைக்கல் முன்னால் மெத்தென்ற செருப்பு போட்டு நிற்கிறேன். காலைக் குத்தல் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

நேற்று அந்த இடத்திலிருந்து போன். "இன்னும் ரெண்டு சிட்டிங் மிச்சம் இருக்கு சார், வேணும்னா உங்க அம்மாவுக்கு மாத்தித் தர்றோம்" என்றது ஒரு பொண்ணு. எந்த மெஷின்மா என்று கேட்டேன். "வேவ் தெரபி சார்" என்றது.