குளிரில் சைக்கிள் ஓட்ட: லெக் வார்மரா, முழுநீள டைட்ஸா?

குளிர்காலம் வந்தாலும் சைக்கிளை மூலையில் சாத்திவைக்க மனம் வராதவர்கள் முதலில் கையுறை வாங்குவார்கள். அப்புறம் ஜாக்கெட். கால்களைப் பற்றிய யோசனை கடைசியாகத்தான் வரும். வரும்போது பெரும்பாலும் இரண்டு பொருள்களுக்கு நடுவில் வந்து நிற்கும். ஒன்று, உட்காரும் இடத்தில் மெத்தை போன்ற பேட் வைத்த, ஏற்கெனவே இருக்கும் ஷார்ட்ஸோடு சேர்த்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒவ்வொரு காலிலும் தனித்தனியாக மாட்டிக்கொள்ளும் துணிக்குழாயான லெக் வார்மர். மற்றது, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பாக வரும், உள்ளேயே பேட் தைத்த தெர்மல் டைட்ஸ். இரண்டையும் போட்டு ஓட்டியபின் நான் லெக் வார்மரைத்தான் என் வழக்கமான உடுப்பாக வைத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் கதகதப்பு இல்லை. துவைத்துக் காயவைக்கும் வேலைதான்.

கதகதப்பு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நல்ல லெக் வார்மரும் நல்ல தெர்மல் டைட்ஸும் பெரும்பாலும் ஒரே வகைத் துணியில் வருபவை. வெளிப்பக்கம் வழுவழுப்பாக, உள்பக்கம் மென்மயிர் எழுப்பிய, நன்றாக இழுபடும் பின்னல் துணி. ஒரே தடிமனில் இருந்தால் முழங்காலுக்கும் ஆடுசதைக்கும் இரண்டும் ஒரே கதகதப்பைத்தான் தரும். தொடையில் லெக் வார்மர் கொஞ்சம் முந்தும். ஷார்ட்ஸின் விளிம்பும் வார்மரின் மேல்முனையும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் அங்கே இரண்டு அடுக்கு. இடுப்பிலும் அடிவயிற்றிலும் டைட்ஸ் முந்தும்.

உண்மையில் தொடைக்கு அவ்வளவு பாதுகாப்பு தேவையும் இல்லை. மிதிக்கும்போது தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி வெப்பமாகிறது. பெடலில் 150 வாட் கொடுப்பவரின் உடம்பில் 450 வாட்டுக்குக் குறையாமல் வெப்பம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. அதில் பெரும்பகுதி தொடையிலும் பிட்டத்திலும் இருக்கும் பெரிய தசைகளிலிருந்து வருவது. குளிர் உறைப்பது முழங்காலிலும் கெண்டைக்கால் முன்னெலும்பிலும்தான். அங்கே தோலுக்கு அடியில் எலும்பும் தசைநாரும்தான் இருக்கின்றன, சூடு தரும் தசை இல்லை. அதோடு எதிர்க்காற்றை நேராக வாங்குவதும் அந்த இடம்தான். அமெரிக்காவும் கனடாவும் 2001இல் ஏற்றுக்கொண்ட குளிர்காற்றுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 5 டிகிரி குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று பட்டால் உடம்புக்கு அது ஏறத்தாழ 0 டிகிரி. மூடாத முகத்துக்காகப் போட்ட கணக்கு அது. மூடாத முழங்காலின் நிலைமையும் அதற்கு ரொம்பத் தள்ளி இருக்காது. ஆகவே எதை வாங்கினாலும் முழங்கால் முழுதாக மூடியிருக்க வேண்டும், அங்கே துணி இழுபட்டு மெலியக்கூடாது. இந்தத் தேர்வில் இரண்டுமே தேறிவிடும்.

இனி பேட் பற்றி.

சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் இருக்கும் பேட், வெவ்வேறு அடர்த்தியுள்ள நுரை அடுக்குகளால் ஆனது. உள்ளாடை இல்லாமல் நேரே தோலில் படும்படி போட வேண்டியது. வியர்வை, உராய்வு, வெதுவெதுப்பு மூன்றும் சேரும் இடம் என்பதால் ஒரு ஓட்டத்துக்கு ஒருமுறை கட்டாயம் துவைத்தாக வேண்டும். குளிரில் அவ்வளவாக வியர்க்கவில்லையே என்று மறுநாளும் அதையே மாட்டினால் மயிர்க்கால்களில் சீழ் கட்டலாம், சீட்டில் உட்காரும் இடத்தில் புண் வரலாம். இதில் சலுகை கிடையாது.

பேட் டைட்ஸோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் என்ன ஆகிறது? பேட்டைத் துவைக்கப் போய், கணுக்கால் வரை உள்ள அந்தத் தடித்த துணி மொத்தத்தையும் ஒவ்வொரு முறையும் நனைக்க வேண்டியிருக்கிறது. மென்மயிர்த் துணி தண்ணீரை நிறையக் குடிக்கும். நுரையோ அதைவிட மெதுவாகத்தான் விடும். குளிர்ந்த காற்றால் குறைவான ஈரப்பதத்தைத்தான் தாங்க முடியும் என்பதால் வெயில் இல்லாத நாளில் கொடியில் போட்டது அப்படியே கிடக்கும். உலர்த்தும் இயந்திரத்தில் போடலாமென்றால், அந்தச் சூடு துணியின் இழுவையையும் பேட்டின் ஒட்டையும் கெடுத்துவிடும். மறுநாள் காலையில் கால்பகுதி காய்ந்திருக்கும், பேட்டை அழுத்தினால் உள்ளே சில்லென்று ஈரம் தட்டும். குளிரில் அதை மாட்டிக்கொண்டு கிளம்புவதுபோல் கெட்ட காரியம் வேறில்லை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதை உங்கள் உடம்பிலிருந்துதான் அது எடுத்துக்கொள்ளும்.

வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ஓட்டுபவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டுபவருக்கு ஒரு டைட்ஸ் போதாது. இரண்டாவதும் வேண்டும், மழைக்காலக் குளிரென்றால் மூன்றாவதும் வேண்டும். அதுவும் சைக்கிள் உடுப்புகளில் விலை கூடிய இனத்தில்.

லெக் வார்மர் இந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. பேட் இருப்பது ஷார்ட்ஸில். அது மெல்லிய துணி, வீட்டுக்குள் போட்டாலே இரவோடு இரவாக ஏறக்குறைய காய்ந்துவிடும். தொடர்ந்து ஓட்டுபவரிடம் அது இரண்டு மூன்று ஏற்கெனவே இருக்கும். வார்மரோ வியர்வை தேங்கும் இடத்தைத் தொடுவதே இல்லை. காய்ந்த சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் உள்பக்கம் வெளியே திருப்பிக் காற்றாடப் போட்டு அடுத்த ஓட்டத்துக்கும் மாட்டலாம். சேறு பட்டால் கைகழுவும் தொட்டியிலேயே அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து தொங்கவிட்டால் போதும். இரண்டு குழாய்கள்தானே, உள்ளே காற்று புகுந்து விரைவில் காய்ந்துவிடும். ஒரே ஒரு ஜோடியில் குளிர்காலத்தைக் கடத்த முடிகிறது.

உழைப்பும் இதே கணக்கில்தான் வருகிறது. டைட்ஸ் முதலில் தேய்வது சீட்டில் உரசும் இடத்தில். அதற்கு முன்னாலோ பின்னாலோ பேட்டின் நுரை அமுங்கித் தட்டையாகும். கால்பகுதி புதுசு போலவே இருக்கும்போது உடுப்பு மொத்தமும் பயனற்றுப் போகிறது. வார்மர் சீட்டைத் தொடுவதில்லை. ஷார்ட்ஸ் தேய்ந்தால் ஷார்ட்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வார்மரில் முதலில் போவது மேல்முனையில் இருக்கும் சிலிகான் பிடிதான். அதையும் பேணினால் நெடுநாள் வரும்: 30 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீர், மிதமான சோப்பு, ஜிப்பை மூடி உள்புறம் வெளியே திருப்பித் துவைத்தல். துணி மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டுகூட வேண்டாம். அது இழைகளின்மேல் படலமாகப் படிந்து, வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளும் தன்மையையும் நீரை உருட்டிவிடும் மேல்பூச்சையும் கெடுக்கும். டைட்ஸுக்கும் இதே பராமரிப்புதான், ஆனால் அங்கே இதை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் செய்ய வேண்டும்.

வழியில் கழற்றலாம் என்பதைத்தான் எல்லோரும் வார்மரின் முதல் நன்மையாகச் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாவது. விடியலில் குளிர்ந்து பத்து மணிக்கு வெயில் ஏறும் நாட்களில், கணுக்காலில் ஜிப் இருந்தால் பெரும்பாலும் ஷூவைக் கழற்றாமலே உருவிச் சட்டையின் பின்பையில் செருகிவிடலாம். மார்ச்சில் நடக்கும் மிலான்–சான் ரெமோ போன்ற ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பந்தயத்தில் காலையில் மூடிய கால்களோடு கிளம்பும் வீரர்கள் கடற்கரைப் பகுதிக்கு வரும்போது கால்களை மூடாமல் இருப்பது இதனால்தான். டைட்ஸில் இதற்கு வழியில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வார்மர் இறங்கும். சரியான அளவு வாங்காதவர்களுக்கு இது பெரிய தொல்லை. தொடைச் சுற்றளவை மட்டும் பார்த்து இறுக்கமாக எடுப்பதுதான் பெரும்பாலும் காரணம். நீளம் போதாவிட்டால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் மடங்கித் துணியைக் கீழே இழுக்கும். முழங்காலை மடக்கிக்கொண்டே மாட்டிப் பாருங்கள். மேல்முனை ஷார்ட்ஸ் விளிம்புக்கு உள்ளே நான்கு விரற்கடை ஏறி நிற்க வேண்டும். இடது, வலது என்று முழங்கால் வளைவோடு வெட்டித் தைத்ததாக இருந்தால் முழங்காலுக்குப் பின்னால் சுருக்கம் விழாது. சிலிகான் பிடி படும் இடத்தில் எண்ணெயோ கிரீமோ தடவியிருந்தால் எந்த வார்மரும் நிற்காது. சிலிகான் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வருவதும் உண்டு. அவர்கள் சிலிகான் இல்லாத அகலப் பட்டை வைத்ததைத் தேட வேண்டும்.

இன்னொரு குறை இடுப்பு. குனிந்து ஓட்டும்போது கீழ்முதுகில் காற்று ஏறும். தோள்பட்டை வார் வைத்த ஷார்ட்ஸ் போட்டால் இது பெருமளவு தீர்ந்துவிடும். வார் இல்லாத ஷார்ட்ஸ்தான் பிடிக்கும் என்பவர்கள் வார் வைத்த தெர்மல் டைட்ஸையே எடுப்பது நல்லது. அது வயிற்றையும் முதுகையும் நன்றாக அணைத்து மூடும். நீண்ட மலையிறக்கங்கள் உள்ள பாதையிலும் டைட்ஸுக்குத்தான் என் ஓட்டு. அரைமணி நேரம் மிதிக்காமல் இறங்கும்போது தசை வெப்பம் நின்றுபோகும். முன்பக்கம் காற்றுத்தடுப்புத் துணி வைத்த டைட்ஸ் அப்போது தொடை முதல் கணுக்கால் வரை ஒரே சீராகக் காக்கும். காற்றுத்தடுப்பு வைத்த வார்மர்களும் கிடைக்கின்றன, ஆனால் அந்தத் துணி குறைவாக இழுபடுவதால் முழங்காலில் விறைக்கிறது.

மற்றவை விரைவாக. முழங்காலை மூடுவதோடு நிற்கும் ‘நீ வார்மர்’ (knee warmer) 12 டிகிரிக்கு மேல் போதும், அதற்குக் கீழே கெண்டைக்கால் வெறுமையாக இருப்பது உறுத்தும். மழைக்கான மேற்கால்சட்டை காற்றையும் நீரையும் தடுக்கும். அலுவலகம் போய்வரும் குறுகிய தூரத்துக்குச் சரி, வேகமாக ஓட்டினால் உள்ளே வியர்வை தேங்கி நனைந்துவிடும். வலது கணுக்காலில் பட்டை கட்டாவிட்டால் சங்கிலியில் மாட்டும். சாதாரண பேண்ட்டுக்குள் மெரினோ கம்பளி உள்கால்சட்டை போடுவது இதே குறுகிய தூரத்துக்கு அருமையான வழி. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொண்டும் தோலுக்கு நனைந்ததாகத் தெரியாது, எளிதில் நாற்றம் பிடிப்பதும் இல்லை.

சூடேற்றும் களிம்புக்கும் ஆதரவாளர்கள் உண்டு. அது தரும் எரிச்சல் தோலின் உணர்வு மட்டுமே, உடம்பு இழக்கும் வெப்பத்தைத் தடுப்பதில்லை. 1988 ஜூன் 5 அன்று, இத்தாலியின் பல நாள் சைக்கிள் பந்தயமான ஜிரோ தி இத்தாலியாவில் 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த காவியா கணவாயைப் பனிப்பொழிவில் கடந்த அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் கால்களில் லானோலின் பூசியிருந்தார், அன்று முன்னிலைக்கான இளஞ்சிவப்புச் சட்டையையும் பெற்றார். அவர் பூசியது நீர் ஒட்டாமலிருக்க உதவும் கம்பளிக் கொழுப்பு. நம்முடைய அன்றாட ஓட்டத்துக்குத் துணிதான் தீர்வு.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: பேட் இல்லாத தெர்மல் டைட்ஸ். ஷார்ட்ஸுக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். துவைக்கும் சிக்கலை வார்மரைப் போலவே தீர்க்கிறது, இடுப்பையும் மூடுகிறது. சீட்டில் உரசித் தேயும் குறை மட்டும் இதிலும் உண்டு. வார்மர் வாங்கியபின் இன்னும் குளிர்கிறது என்பவர்கள் அடுத்து வாங்க வேண்டியது இதைத்தான், பேட் வைத்ததை அல்ல. என் அனுபவம் பெரும்பாலும் 3 முதல் 14 டிகிரி வரையிலான ஓட்டங்களில் வந்தது, அந்த வரம்பில் வார்மர் எனக்குக் குறைவைக்கவில்லை. உறைநிலைக்குக் கீழே நான் குறுகிய தூரம்தான் போயிருக்கிறேன். அதற்கு இந்தப் பேட் இல்லாத டைட்ஸை ஷார்ட்ஸும் வார்மரும் போட்டதன்மேல் அணிந்தேன். முழங்கால் மடக்கச் சற்றுக் கனமாக இருந்தது, குளிர் தெரியவில்லை. அங்கே மணிக்கணக்காக ஓட்டப்போகிறவர்கள் அந்தக் குளிரில் பழகியவர்களைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.