ஆய்வேட்டுத் தலைப்பு தேடும் பிள்ளைகளே, ஒரு சனிக்கிழமை தேசிய நூலகத்துக்குப் போய் வாருங்கள்

அக்கா மகள் இறுதி ஆண்டு படிக்கிறாள். லத்தியான் இல்மியாவுக்கு, அதாவது பட்டப்படிப்பின் கடைசியில் எழுதும் ஆய்வேட்டுக்கு, தலைப்பு கொடுக்க வேண்டிய நேரம். கூடப் படிப்பவர்கள் சொன்னார்கள் என்று, ஆய்வேட்டுக்கு உதவுகிறோம் என்று சொல்கிற ஒரு சேவையில் 80 ரிங்கிட் கட்டிப் பத்துத் தலைப்பு வாங்கியிருக்கிறாள். அதில் அவளுக்குப் பிடித்தது 'தமிழ் நேசன் சிறுகதைகளில் பெண்கள்'. லெக்சரர் கேட்டது ஒரே கேள்வி, எந்த வருஷத்துத் தமிழ் நேசன்? 1924-இல் தொடங்கி 2019-இல் நின்ற பத்திரிகை அது, ஒரு செமஸ்டரில் யாரால் படித்து முடிக்க முடியும்! மறுபடி அந்தச் சேவைக்குப் பேசினால் வேறு பட்டியலுக்கு இன்னொரு 80 கேட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் பத்தில் எதற்குமே பிள்ளை எங்கே போய் எதைப் படிக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

சரி வா என்று ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். மலாய்க்காரர்களின் தெங்கோலோக் தலைப்பாகை மாதிரிக் கூரை போட்ட கட்டடம், கோலாலம்பூர்க்காரர்கள் எல்லோரும் கடந்து போயிருப்பார்கள், உள்ளே போனவர்கள்தான் குறைவு. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் அச்சாகும் நூலுக்கு 5 பிரதி இங்கே கொடுத்தாக வேண்டும், அதனால் கடையில் என்றைக்கும் கிடைக்காத சின்னச் சின்ன வெளியீடுகள்கூட இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

நாங்கள் கேட்டது கோயில் கும்பாபிஷேக மலர்கள். அவள் கட்டுரைப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள், நான் பின்பக்க விளம்பரங்களைப் பார்த்தேன். ஒரு நகைக்கடை, இப்போதைய எட்டு இலக்கம் இல்லாத பழைய போன் எண், கீழே 'தாலிக்கொடி, அட்டிகை குறித்த நேரத்தில் நயமான விலையில் செய்து தரப்படும்'. "சித்தி, நயமான விலைன்னா என்ன?" என்று கேட்டாள். அவ்வளவுதான், தலைப்பு அங்கேயே பிறந்துவிட்டது. பிற்பாடு வந்த மலரை எடுத்தால் அதே மாதிரிக் கடை 'மலிவு விலை' என்கிறது, இன்னும் பத்து வருஷம் தள்ளி 'ஆஃபர்'. கோயில் மலர் விளம்பரங்களில் கடைத் தமிழ் எப்படி மாறியது என்பதுதான் இப்போது அவள் ஆய்வு, 1986 முதல் 2000 வரை மட்டும். தன் கையால் தொட்டுப் பார்த்த பொருள் என்பதால் லெக்சரர் கேட்ட எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாளாம், அன்றே ஒப்புதல் கிடைத்தது.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். நூலகத்தின் நூல் பட்டியலில் தமிழ் நூல் பெயரை ரோமன் எழுத்தில் தேட வேண்டியிருக்கும், ழகரத்தை எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை, அதனால் நாலு விதமாகத் தட்டிப் பாருங்கள். அப்புறம், தலைப்பு மனசில் விழுந்ததும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆய்வேட்டுக் களஞ்சியத்தை இணையத்தில் ஒரு தடவை பாருங்கள், அங்கே 1956-லிருந்து இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது, உங்களுக்கு முன்னால் யாராவது அதையே எழுதியிருக்கலாம். அதற்குக் காசு எதுவும் வேண்டாம்.

இதுவரை எட்டு மலர் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறோம், செந்தூல் பக்கத்துக் கோயில் மலர் ஒன்று பாக்கி இருக்கிறது.