பழைய சி லென்ஸா, பிந்தைய சிஎஃப் லென்ஸா: ஹாசல்பிளாட் முதல் பென்டாக்ஸ் 67 வரை

ஹாசல்பிளாட் 500சி என்ற மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா 1957-இல் வந்தது. அதற்காக கார்ல் சைஸ் செய்த சி வரிசை லென்ஸ்கள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. 1982-இல் சிஎஃப் வரிசை வந்தது. 1990களின் பிற்பகுதியில் சிஎஃப்ஐ. மூன்றிலும் 150 எம்எம் சோனார் உண்டு, விலை மட்டும் ஏணிப்படி மாதிரி ஏறும். "கண்ணாடி ஒன்றுதானே, பழசே போதும்" என்பார்கள் சிலர். "டி ஸ்டார் கோட்டிங் இல்லாததைத் தொடவே தொடாதே" என்பார்கள் வேறு சிலர். டி ஸ்டார் என்பது ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பாமல் இருக்க சைஸ் போடும் பல அடுக்குப் பூச்சு. இரண்டுமே பாதி உண்மைதான். 80, 150 எம்எம் லென்ஸ்களில் பழைய கண்ணாடிக்கும் புதிய கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, நல்ல ஷட்டருக்கும் களைத்துப்போன ஷட்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபிலிமில் முதலில் தெரியும். வைட் லென்ஸுக்கு மட்டும் கணக்கு வேறு.

கோட்டிங்கிலிருந்து தொடங்கலாம். ஒற்றை கோட்டிங் போட்ட கண்ணாடிப் பரப்பு, தோராயமாக ஒன்றரை சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பல அடுக்கு கோட்டிங்கில் இது அரை சதவீதம், அதற்கும் கீழே. ஐந்து கண்ணாடித் தொகுதி கொண்ட 80 எம்எம் பிளானாரில் காற்றைத் தொடும் பரப்புகள் 10. ஒற்றை கோட்டிங்கில் சுமார் 14 சதவீத ஒளி வழிமாறும், டி ஸ்டாரில் 5. வழிமாறிய ஒளியில் ஒரு பங்கு ஃபிலிமில் படலமாகப் படிந்து நிழல்களை வெளுக்க வைக்கிறது. 150 எம்எம் சோனாரில் மூன்றே தொகுதி, ஆறே பரப்பு. ஒற்றை கோட்டிங்கிலும் இழப்பு 9 சதவீதம்தான். அதனால்தான் டி ஸ்டார் இல்லாத 150, ஆழமான ஒரு ஹூடும் போட்டுவிட்டால், கருப்பு வெள்ளையில் குறையே தெரியாமல் வேலை செய்கிறது. உருவப்படத்துக்கு அதையே தாராளமாக வாங்கலாம். சி வரிசையிலேயே 1970களில் டி ஸ்டார் வந்துவிட்டது. முகப்பு வளையத்தில் சிவப்பு டி எழுத்தும் நட்சத்திரமும் இருக்கும். சி லென்ஸ்தான் என்று முடிவாகிவிட்டால் தேட வேண்டியது இதைத்தான்.

இனி ஷட்டர். ஹாசல்பிளாட்டில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது: சி வரிசையில் காம்பர், சிஎஃப் முதல் பிராண்டர். மெதுவான வேகங்களைப் பிடித்து நிறுத்துவது சின்னப் பல்சக்கரங்களின் வரிசை. லென்ஸ் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அவற்றில் உள்ள எண்ணெய் பிசினாகிவிடும். ஒரு விநாடிக்கு வைத்து அழுத்தினால் சீரான 'ர்ர்ர்' சத்தம் கேட்க வேண்டும். நடுவில் திக்கித் திக்கிப் போனாலும், கடைசியில் இழுத்தாலும் சர்வீஸ் தேவை.

காதை மட்டும் நம்ப வேண்டாம். ஃபிலிம் இருக்கும் பின்பெட்டியை (ஃபிலிம் பேக்) கழற்றி, கேமராவை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். பட்டனை அழுத்தியபடியே வைத்திருந்தால் பின்கதவுகள் திறந்தே இருக்கும். அதைப் பின்னாலிருந்து மொபைலில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுத்து, வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணுங்கள். 1/15 என்றால் 16, 1/30 என்றால் 8, 1/60 என்றால் 4 இருக்க வேண்டும். 1/15-க்கு 22, 23 ஃபிரேம் வந்தால் அரை ஸ்டாப், அதாவது சுமார் 1.4 மடங்கு ஒளி. நெகட்டிவ் அதைத் தாங்கிக்கொள்ளும், ஸ்லைடு தாங்காது.

1/125-க்கு மேல் இந்த வழி உதவாது. அங்கே கைகொடுப்பது சி லென்ஸில் பலர் திட்டும் அந்த இணைப்பு வளையம்தான். அப்பெர்ச்சரும் வேகமும் ஒன்றாகச் சுற்றும் ஏற்பாடு அது. தனித்தனியாக மாற்ற ஒவ்வொரு முறையும் சின்னக் கட்டையை அழுத்த வேண்டும், அவசரத்தில் எரிச்சல்தான். சோதனைக்கு அதைவிட வசதி இல்லை. சீரான வெளிச்சம் விழும் ஒரு சுவரைப் பார்த்து வையுங்கள். எஃப் 16-இல் 1/60, எஃப் 11-இல் 1/125, எஃப் 8-இல் 1/250, எஃப் 5.6-இல் 1/500 என்று வளையத்தைச் சுற்றிக்கொண்டே நாலு படம் எடுங்கள். நாலு நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். பழைய காம்பரில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் 1/500 ஃபிரேம் மட்டும் கருத்து நிற்கும். பெரும்பாலும் அவ்வளவுதான் கோளாறு என்றால் அந்த ஒரு வேகத்தைத் தவிர்த்துவிட்டு வாழலாம். 1/500-ஐ எஃப் 22-இல் வைத்துச் சோதித்துவிட்டு லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். சின்னத் துளையில், வேகமான ஷட்டரில், லென்ஸுக்குள் இருக்கும் இந்த வகை எந்த இலை ஷட்டரும் கொஞ்சம் கூடுதல் ஒளி விடத்தான் செய்யும்.

காம்பர் உதிரிபாகங்கள் இப்போது தயாரிப்பில் இல்லை. பிசின் சுத்தம் செய்வது எளிது. ஸ்பிரிங் உடைந்தால் இன்னொரு லென்ஸைப் பலி கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். சிஎஃப்ஐயில் மெயின் ஸ்பிரிங்கை நிவராக்ஸ் உலோகத்தில் செய்தார்கள், உள்சுவரின் கருப்பும் மேம்பட்டது. தினமும் வேலைக்குப் பயன்படுத்துபவர்கள் கூடுதல் பணம் கொடுப்பது இந்த ஸ்பிரிங்குக்குத்தான், அது நியாயமான செலவும்கூட. சி லென்ஸ் வைத்திருப்பவர்கள் 'வி' என்ற செல்ஃப் டைமர் நிலைக்குப் போகவே வேண்டாம். அது பாதியில் சிக்கினால் லென்ஸே பூட்டிக்கொள்ளும். ஃபில்டர் கணக்கும் உண்டு: 80, 150 சி லென்ஸுக்கு பி50 என்ற ஃபில்டர் அளவு, சிஎஃப் முதல் பி60. கலந்து வாங்கினால் ஹூடும் ஃபில்டரும் இரண்டு ஜோடி வேண்டும்.

கண்ணாடியைப் பார்க்கும்போது டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் எந்த லென்ஸும் குப்பையாகத்தான் தெரியும். ஓரத்தில் வானவில் நிறத்தில் பிறைபோலத் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று அர்த்தம். நரம்புபோலக் கிளைவிட்டுப் போனால் ஃபங்கஸ். பால் படர்ந்த மாதிரி மங்கல் இருந்தால் கான்ட்ராஸ்ட் போய்விடும். அது உள்பரப்பில் இருந்தால் பிரித்துத் துடைக்க வேண்டும். நாலு தூசி, ஒரு மெல்லிய கீறல் இருப்பதால் படத்தில் ஒன்றும் ஆகாது. இவை விலையைக் குறைக்கப் பேசுவதற்கு மட்டும் உதவும்.

வைட் லென்ஸில் புதியதற்கே எங்கள் ஓட்டு. கேமராவின் உள்கண்ணாடிக்கு இடம்விட லென்ஸை ஃபிலிமிலிருந்து தள்ளி வைக்கும் ரெட்ரோஃபோகஸ் அமைப்பில் தொகுதிகள் அதிகம். எட்டு தொகுதி என்றால் 16 பரப்பு. ஒற்றை கோட்டிங்கில் ஐந்தில் ஒரு பங்கு ஒளி வழிமாறும், வானம் ஃபிரேமுக்குள் வந்தாலே நிழல் சாம்பலாகும். அதைவிடப் பெரிய விஷயம் அருகிலுள்ள தூரம். பழைய 50 எம்எம் டிஸ்டகான் சி, தொலைவில் எஃப் 11-இல் நன்றாகவே இருக்கும். பொருளுக்கு அருகே போகப் போக மூலைகள் குழையும். எஃப்எல்இ என்று எழுதிய பிந்தைய வகையில் மிதக்கும் தொகுதி, அதாவது தனியாக நகர்த்தக்கூடிய கண்ணாடித் தொகுதி இருக்கிறது. அதன் தனி வளையத்தை முதலில் தூரத்துக்கு ஏற்ப வைத்துவிட்டுத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மறந்தால் மூலை மறுபடியும் குழையும், பழி லென்ஸ் மேல் விழும்.

மாமியா ஆர்பி 67 கேமராவிலும் ஷட்டர் லென்ஸுக்குள்தான், அதற்கும் இதே நியாயம்தான். எழுத்து எதுவும் இல்லாதவையும் என்பி என்றவையும் ஒற்றை கோட்டிங், சி என்றால் பல அடுக்கு, கேஎல் கடைசி வரிசை. 127, 180-க்கு சி போதும்.

பென்டாக்ஸ் 67-இல் ஷட்டர் பாடியில் இருப்பதால் கணக்கு தலைகீழ். லென்ஸுக்குள்ளும் ஷட்டர் உள்ள 90 எம்எம் எல்எஸ் போன்ற ஒன்றிரண்டைத் தவிர, லென்ஸில் வயதாக கண்ணாடியும் அப்பெர்ச்சர் இலைகளும் மட்டுமே. பழையதை வாங்க மிகவும் ஏற்ற சிஸ்டம் இதுதான். 105 எம்எம் எஃப் 2.4-இன் பழைய டாக்குமார் வகைகளில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, காலப்போக்கில் மஞ்சளாகும். வெள்ளைத் தாளின் மேல் லென்ஸை வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். கருப்பு வெள்ளையில் அது இலவச மஞ்சள் ஃபில்டர். கலர் ஸ்லைடில் தொல்லை. புற ஊதா எல்இடி விளக்கின் கீழ், அடியில் அலுமினியத் தாள் விரித்து, சில நாட்கள் வைத்தால் பெருமளவு தெளியும். லென்ஸ் சூடேறாமல் அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். எண்ணெய் இளகி இலைகளில் இறங்கினால் மஞ்சளைவிடப் பெரிய செலவு. மீட்டர் பிரிஸம் (ஒளி அளக்கும் வ்யூஃபைண்டர்) இருந்தால், முதலில் பிரிஸத்தை மாட்டி, பிறகுதான் லென்ஸை மாட்ட வேண்டும். வரிசை மாறினால் அப்பெர்ச்சரை மீட்டருக்குச் சொல்லும் இணைப்பு சேராது, மீட்டர் காட்டுவது தப்பாகவே இருக்கும்.