ஏழு ஆண்டு உழைத்த செம்பு: ஒரு ஷிப்ட் வினையூக்கியுடன் என் அனுபவம்

அம்மோனியா ஆலையில், கார்பன் மோனாக்சைடை நீராவியுடன் வினைபுரிய வைத்து ஹைட்ரஜன் எடுக்கும் தாழ்வெப்ப ஷிப்ட் ரியாக்டரில் நாங்கள் நிரப்பியிருந்த செம்பு–துத்தநாக ஆக்சைடு வினையூக்கியைச் சென்ற மாதம் வெளியே எடுத்தோம். ஐந்து ஆண்டு வந்தால் போதும் என்று நினைத்தது, ஏழு ஆண்டு ஓடியது.

அதன் உடல்நிலையை அறிய நான் நம்பியது, வினையூக்கிப் படுகைக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் தெர்மோகப்பிள்கள் என்னும் வெப்பநிலை உணரிகளைத்தான். கார்பன் மோனாக்சைடும் நீராவியும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் ஆகும்போது மோலுக்கு 41 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். எங்கே சூடு ஏறுகிறதோ அங்கே வினையூக்கி வேலை செய்கிறது என்று பொருள். முதல் ஆண்டில், 200 டிகிரியில் நுழைந்த வாயு இரண்டாவது தெர்மோகப்பிளைத் தாண்டுவதற்குள் ஏற வேண்டிய இருபது டிகிரியையும் ஏறிவிடும். நான்காம் ஆண்டில் அந்த ஏற்றம் படுகையின் நடுவுக்கு இறங்கியிருந்தது. மேல்பகுதியைக் கந்தகமும் குளோரினும் தின்றுவிட்டன.

மூன்றாம் ஆண்டில் நடந்ததற்கு நாங்களே பொறுப்பு. திடீரென நின்ற ஆலையை மீண்டும் ஓட்டும்போது, குழாயில் தேங்கிய நீரை வடிக்காமல் நீராவி வால்வைத் திறந்துவிட்டோம். நனைந்த வினையூக்கி வில்லைகள் நொறுங்கின. அன்றிரவு கூடிய அழுத்த இழப்பு கடைசிவரை குறையவில்லை.

இதற்கு முன்னால் நிற்கும் உயர்வெப்ப ரியாக்டரின் இரும்பு–குரோமியம் வினையூக்கி முரட்டுப் பிள்ளை. 350 டிகிரியில் வாயுவை வாங்கிக் கார்பன் மோனாக்சைடை மூன்று சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடும். நீராவியில் கஞ்சத்தனம் செய்தால் மட்டும் இரும்பு கார்பைடாகி வேண்டாத ஹைட்ரோகார்பன்களைத் தரும்.

கார்பன் பிடிப்பு பற்றிப் பேசுபவர்கள், ஷிப்டுக்குப் பின் வாயுவைக் கரைசலால் கழுவும் அமீன் கோபுரத்தைத்தான் காட்டுவார்கள். அமீன் கரைசல் பிடிப்பது கார்பன் டை ஆக்சைடை மட்டுமே. ஷிப்டில் மாறாமல் நழுவிய மோனாக்சைடை அது தொடுவதில்லை. அப்படி ஒரு மூலக்கூறு நழுவினால் கிடைக்க வேண்டிய ஹைட்ரஜன் ஒன்று போயிற்று. மிஞ்சிய மோனாக்சைடை மீத்தேனாக்கும் மெத்தனேட்டரில் அது இன்னும் மூன்று ஹைட்ரஜனை விழுங்கும். ரியாக்டரை விட்டு வெளியேறும் மோனாக்சைடு 0.15 சதவீதத்திலிருந்து 0.4 ஆனபோதுதான் மாற்றுவதென முடிவெடுத்தோம். அமீன் பிடித்த கார்பன் டை ஆக்சைடு யூரியாவாகி, வயலில் மீண்டும் காற்றில் கலந்துவிடுகிறது. அதைக் கார்பன் பிடிப்பு என்று பெருமை பேச எனக்கு நா எழுவதில்லை. நிலத்தடியில் செலுத்தினால் அது வேறு கணக்கு.

ஒரு குறை: வினையூக்கி புதிதாக இருக்கும்போதுதான் மெத்தனாலும் அதிகம் உருவாகிறது. முதல் ஆண்டு முழுவதும் ஒடுங்கிய நீரில் அந்த நெடி இருந்தது.

ரியாக்டரிலிருந்து வெளியே எடுக்கும்போதும் செம்பு சும்மா இருக்கவில்லை. காற்றுப் பட்டால் அது சூடேறிவிடும் என்பதால் நைட்ரஜன் நிரப்பிய பீப்பாய்களில் அடைத்தோம். மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பீப்பாயில் நைட்ரஜன் வெளியேறிக் காற்று புகுந்திருக்கிறது; பக்கத்தைத் தொட்ட உதவியாளர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். இம்முறை மெத்தனால் குறைவாகத் தரும் வகையை நிரப்பி, மேலே குளோரினைப் பிடிக்கும் காவல் அடுக்கையும் கனமாக்கியிருக்கிறோம். நீராவிக் குழாயின் வடிகால் வால்வுக்குச் சிவப்பு வண்ணம் பூசியாயிற்று.