அரங்கில் ஒரு நாளா, குறுவள மையத்தில் எட்டுப் பேரா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். பதின்ம வயது மூளை எப்படிக் கற்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தர இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, நூறு பேரை அரங்கில் உட்காரவைத்து ஒரே நாளில் முடிப்பது. மற்றது, பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் சந்திக்கும் குறுவள மையத்தில் எட்டுப் பேர் மாதம் ஒரு மதியம் கூடுவது. இரண்டிலும் இருந்திருக்கிறேன். இணையவழிப் பயிற்சியையும் சேர்க்கலாம்தான். காணொளியை ஓடவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

அரங்கை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். பருவ வயதில், தூக்கத்தை வரவழைக்கும் ஹார்மோனான மெலட்டோனின் இரவில் தாமதமாகச் சுரப்பதால் தூக்கமே தள்ளிப்போகிறது என்று அங்கேதான் கேட்டேன். அதன்பின், காலைச் சிறப்பு வகுப்பில் கண் சொருகும் பையனைச் சோம்பேறி என்று திட்டுவதில்லை. தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவன் அவன். பதின்ம வயதினரின் பள்ளி காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல் சொன்னது. பஸ் நேரம் என் கையில் இல்லை. கடினமான பாடத்தை மூன்றாம் பிரிவேளைக்குத் தள்ளுவது என் கையில் இருக்கிறது.

ஆனால் அதே மேடையில்தான் ‘கண்ணால் கற்பவர், காதால் கற்பவர்’ என்று பிள்ளைகளைப் பிரிக்கவும் சொன்னார்கள். அப்படிப் பிரித்து நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டன், நெதர்லாந்து ஆசிரியர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கூடும் என்றே நம்பினார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு. கேள்வி கேட்க யாரும் கை தூக்கவில்லை. நானும்தான்.

குறுவள மையத்தில், உளவியல் ஆய்வாளர்களான ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையை ஒரு மதியம் முழுக்கப் பேசினோம். ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து முன்னவர்கள் 40, பின்னவர்கள் 61. அடுத்த கூட்டத்துக்குள் அவரவர் வகுப்பில் செய்துபார்ப்பது என்று முடிவு.

வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடச் சொல்லி, அரைத்தாளில் போன வாரப் பாடத்தை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி இதயத்தின் நான்கு அறைகளையும் அழகாக வரைந்திருந்தாள். ரத்தம் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறிகள் எல்லாம் தலைகீழாக, கீழறையான வெண்ட்ரிக்கிளிலிருந்து மேலறையான ஆரிக்கிளுக்குப் போயின. நான் நடத்தும்போதெல்லாம் தலையாட்டியவள் அவள். எங்கள் குழுவின் கணக்கு ஆசிரியர் தன் வகுப்பில் இந்த அரைத்தாளுக்கு மதிப்பெண் போட்டிருந்தார். பார்த்து எழுதியதுபோல் எல்லோருடைய தாளும் ஒரே மாதிரி இருந்தது. மறுமாதம் மதிப்பெண்ணை எடுத்துவிட்டார். இப்படித் திருத்திக்கொள்ள ஒரு நாள் பயிற்சியில் மறுமாதம் என்பதே கிடையாது.

என்னைக் கேட்டால், ஜூனில் அரை நாள் அரங்கு போதும். மிச்ச நாட்களைக் குறுவள மையத்துக்குக் கொடுக்கலாம். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: இழுத்துப் பிடிக்க ஒருவர் வேண்டும். எங்களுக்கு அவர் அந்தக் கணக்கு ஆசிரியர்தான். இந்த ஆண்டு இடமாறுதல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.