ஆட்சியர் மனுவா, ஆணையரா, ஹைகோர்ட்டா? அரசு அலுவலகம் பாகுபாடு காட்டினால் மாற்றுத்திறனாளிகள் எங்கே போவது

அரசு அலுவலகத்தால் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள்தான். உதவித்தொகை நின்றுவிட்டது, ஸ்கூட்டர் வரவில்லை, வீட்டுமனைப் பட்டா வேண்டும் என்றால் அது சரியான இடம். ஆனால் தகுதி இருந்தும் "உங்களால் இந்த வேலை முடியாது" என்று பணி மறுப்பது, தேர்வில் சொல்வதை எழுதுபவரை அனுமதிக்காதது, சக்கர நாற்காலியில் வந்தவரை மாடிக்கு ஏறி வரச் சொல்வது எல்லாம் வேறு வகை. இவை சட்ட மீறல்கள். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதற்கென்றே சில வழிகளை வைத்திருக்கிறது. ஆட்சியரிடம் கொடுத்த மனு கடைசியில் "தக்க நடவடிக்கைக்காக" அதே துறைக்குத்தான் அனுப்பப்படும். முதல்வரின் முகவரிக்கும் 1100 எண்ணுக்கும் மத்திய அரசின் இணையவழிக் குறைதீர் தளத்துக்கும் இதே கதைதான். தாமதத்தைத் தட்டி எழுப்ப அவை உதவும், பாகுபாடு நடந்ததா இல்லையா என்று விசாரித்துச் சொல்ல அவை ஏற்பட்டவை அல்ல.

சரி, விசாரிக்கும் இடங்கள் எவை?

அந்தத் துறைக்கே எழுதுவது

புகாருக்கு உள்ளான துறையிடமே புகார் கொடுப்பதில் என்ன பயன் என்று பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் அதிகம் வீணாகும் ஆயுதம் இதுதான்.

நீங்கள் அரசு ஊழியர் என்றால் சட்டத்தின் 23வது பிரிவு உங்களுக்கானது. ஒவ்வொரு அரசு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, புகார்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். பதிவான புகாரை 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். பதவி உயர்வை மறுப்பது, பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையை விட்டு அனுப்புவது, பதவி இறக்குவது போன்ற 20வது பிரிவு மீறல்களுக்கு மட்டுமே இந்த வழி.

பொதுமக்களில் ஒருவராக அந்த அலுவலகத்துக்குப் போய் பாதிக்கப்பட்டவருக்கு 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 3வது விதி இருக்கிறது. பாகுபாடு என்று புகார் வந்தால் நிறுவனத் தலைவர் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும், அல்லது தான் செய்தது நியாயமான நோக்கத்துக்கு ஏற்ற அளவான செயல்தான் என்பதை எழுத்தில் விளக்க வேண்டும். அந்த எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக "ரூல்ஸ் இல்லை" என்று சொல்லும் அதிகாரி, காரணத்தைக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டால் யோசிப்பார். யோசிக்காமல் தந்துவிட்டாலும் அது பின்னால் உங்கள் கையில் இருக்கும் சான்று.

இந்தக் கடிதத்தால் பிரச்சினை தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். விரைவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். மற்ற எல்லா வழிகளுக்கும் அடித்தளம் அதுதான்.

மாநில ஆணையர், முதன்மை ஆணையர்

இங்கே பலர் தடுக்கி விழுவது முகவரியில். டிஎன்பிஎஸ்சி, மாநகராட்சி, அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, அரசுப் பேருந்து என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். ரயில்வே, தபால் நிலையம், பொதுத்துறை வங்கி, எஸ்எஸ்சி, யுபிஎஸ்சி என்றால் டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான முதன்மை ஆணையர். வங்கிக் கிளை உங்கள் தெருவிலேயே இருந்தாலும் புகார் டெல்லிக்குத்தான் போக வேண்டும். இடம் மாற்றி அனுப்பினால் சில மாதங்கள் சும்மா போய்விடும்.

இதன் பலம் எளிமை. வக்கீல் வேண்டாம். யார் மீது புகார், எந்தத் தேதியில் என்ன நடந்தது, என்ன ஆவணம் இருக்கிறது, என்ன தீர்வு வேண்டும் என்பதைத் தமிழிலேயே தெளிவாக எழுதினால் மாநில ஆணையருக்குப் போதும். டெல்லிப் புகாரை இணையத்திலேயே பதியலாம், விசாரணையைக் காணொலியிலும் நடத்துகிறார்கள். பயணமே பெரும்பாடாக இருக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் ஆணையருக்கு சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. பாகுபாட்டுப் புகாரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது அதே 3வது விதி. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணிக்கொண்டே இறங்குவது நல்லது.

பலவீனமும் பெரியது. ஆணையர் தருவது பரிந்துரை. ஆணையரால் இடைக்காலத் தடை போட முடியாது என்று பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஸ்டேட் பாங்க் ஆஃப் பாட்டியாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. புதிய சட்டமும் பரிந்துரை என்றுதான் பேசுகிறது. ஆனால் பரிந்துரையைக் கிடப்பில் போட இந்தச் சட்டம் இடம் தரவில்லை. 3 மாதத்துக்குள் துறை நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லையென்றால் அதே 3 மாதத்துக்குள் காரணத்தை ஆணையருக்கும், பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும்.

உயர் நீதிமன்றம்

கட்டாயப்படுத்தும் அதிகாரம் இங்கேதான் இருக்கிறது. அரசியலமைப்பின் 226வது பிரிவின்படி ரிட் மனு போட்டால் நீதிமன்றம் தடை கொடுக்கலாம், "செய்" என்று உத்தரவிடலாம். மீறினால் அவமதிப்பு வழக்கு வரும். தென் மாவட்டக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போகலாம். மத்திய அரசு ஊழியர்களின் பணி விவகாரமும், மத்திய அரசு வேலைக்கான தேர்வு விவகாரமும் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே உத்தரவு வந்த நாளிலிருந்து 1 ஆண்டு கெடு உண்டு, மறந்துவிட வேண்டாம். தமிழக அரசு ஊழியர்களுக்கு அப்படித் தனித் தீர்ப்பாயம் இப்போது இல்லை, நேராக உயர் நீதிமன்றம்தான்.

நீதிமன்றம் என்றாலே வேகம் என்று எண்ணிவிடக் கூடாது. எழுதும்போது கைத்தசை இறுகிப்போகும் பாதிப்பால் எழுத முடியாத ஒருவர் 2018 குடிமைப் பணித் தேர்வுக்குத் தான் சொல்வதை எழுதுபவரைக் கேட்டார், மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது 2021 பிப்ரவரியில். 40 சதவீத அளவுக்கு ஊனம் இல்லாதவருக்கும் சொல்வதை எழுதுபவர் வசதியை மறுக்கக் கூடாது என்று நாடு முழுமைக்கும் பயன்படும் தீர்ப்பு அது. ஆனால் அவர் கேட்ட தேர்வு முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்னொரு பக்கம், சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் 2024இல் மறுபடியும் ஓடத் தொடங்கியதற்குப் பின்னால் உயர் நீதிமன்றத்தில் நடந்த நீண்ட போராட்டம் இருக்கிறது. ஒரு நகரத்துக்கே பயன்படும் மாற்றத்தை ஆணையரின் பரிந்துரை மட்டும் கொண்டுவந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செலவுக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12வது பிரிவுப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் உரிமை உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

அப்புறம் குற்ற வழக்கு. பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92வது பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்று படித்துவிட்டு, அதிகாரி மீது உடனே அதைப் போடலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். 94வது பிரிவையும் படிக்க வேண்டும். அரசு ஊழியர் மீதான குற்றத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதி தேவை, அல்லது அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரி புகார் தர வேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்கு ஆற்றாமை தரும் இடம் இது. கொடுமை உண்மையிலேயே நடந்திருந்தால் காவல் நிலையத்தில் புகாரைப் பதியுங்கள், ஆனால் உங்கள் வேலையையோ தேர்வையோ மீட்க இதை நம்பி இருக்காதீர்கள்.

யாருக்கு எது?

தேர்வு அடுத்த வாரம், கவுன்சலிங் நாளை மறுநாள், பணிநீக்க உத்தரவு கைக்கு வந்துவிட்டது என்றால் ஆணையரிடம் காத்திருக்காதீர்கள். துறைக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, உங்கள் வழக்குக்குரிய நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ தடை கேளுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் போனால், "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுங்கள்" என்ற உத்தரவோடு திரும்ப வேண்டியிருக்கும்.

சாய்தளம் இல்லை, கழிப்பறை இல்லை, அலுவலகத்தில் திரைவாசிப்பான் (கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) தரவில்லை, பதவி உயர்வுப் பட்டியலில் பெயரை விட்டுவிட்டார்கள் என்ற வகைக்கு, துறைக்குக் கடிதம், அதற்குப் பிறகு ஆணையர் என்ற வரிசையே நல்லது. கூடவே 10 ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனுவும் போடுங்கள். அந்தத் துறையின் குறைதீர் அலுவலர் யார், பதிவேட்டின் நகல் எங்கே, 4 சதவீத இடஒதுக்கீட்டில் எத்தனை பணியிடம் நிரம்பியிருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் வரும் பதிலே சில நேரம் பாதி வழக்கை நடத்திவிடும்.

ஆணையர், நீதிமன்றம் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை ஆணையர் தொட மாட்டார். அதனால் அவசரம் இல்லாதபோது முதலில் ஆணையர். பரிந்துரை வந்து 3 மாதம் கடந்தும் துறை அசையவில்லையென்றால், பரிந்துரையின் நகல், துறையின் மறுப்பு, பழைய தபால் ஒப்புகை மூன்றையும் இணைத்து ரிட் மனு போடுங்கள். மத்திய அரசுப் பணி விவகாரம் என்றால் மட்டும் தீர்ப்பாயத்தின் 1 ஆண்டுக் கெடுவைக் கணக்கில் வைத்து, ஆணையரிடம் எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.